நாற்பத்தொரு கைகள்

தவமலர் சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் சரிபாதி தீர்ந்ததும் கை நின்றுவிடும். பசி அடங்கியதா என்று அந்தக் கை வயிற்றைக் கேட்பதில்லை. முதலிலேயே சோற்றின் நடுவே விரலால் ஒரு கோடு இழுத்துவிடுவாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதை மட்டும் உண்டு, மறுபாதியைத் தட்டோடு இடப்புறம் நகர்த்தி வைப்பாள். இடப்புறத்தில் யாரும் இருப்பதில்லை. கடைசிச் சண்டையின்போது வன்னியில், மூன்று வயது மகள் சாளினிக்குப் பாதிக் கஞ்சியை நகர்த்திக் கொடுத்துப் பழகிய கை அது. பிள்ளை போய் இருபத்தேழு வருடமாகியும் கைக்கு அது தெரியவில்லை.

மறுவாழ்வு முகாமிலிருந்து வேலைக்கு ஆறு கிலோமீட்டர். நடந்தே போவாள், நடந்தே வருவாள். ஐம்பத்தாறு வயதில் நாற்பத்திரண்டு கிலோ.

வேலை திருச்சியில் 'இயல்பு' என்ற எடைக்குறைப்பு நிலையத்தின் சமையற்கட்டில். மெலிய வைக்கும் ஊசி வந்து, ஊரெல்லாம் போட்டு, நிறுத்தியதும் பழைய உடம்பு வட்டியோடு திரும்பி வந்து, ஊசி என்றாலே சனங்கள் முகம் சுளித்த காலம். டாக்டர் செல்வநம்பி அந்தச் சுளிப்பில்தான் கடை விரித்தார். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, பட்டினி இல்லை; ஒல்லியாக இருப்பவரின் பழக்கத்தை எடுத்துக் குண்டாக இருப்பவருக்குக் கொடுப்போம் என்றார். கொடுக்கக் கருவி தயார். யாரிடமிருந்து எடுப்பது என்பதுதான் நின்றது. ஓட்டக்காரர்களையும் யோகா ஆசிரியர்களையும் வரிசையாகப் பார்த்துக் கழித்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் சமையற்கட்டுக் கதவருகே நின்று தவமலர் சாப்பிடுவதைக் கண்டார்.

"ஜெரால்டு, இங்க வா. அந்தம்மா கையப் பாருய்யா. பிரேக் போட்ட மாதிரி நிக்குது!"

ஜெரால்டு கருவியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். முப்பது வயது, மரியாதை தெரிந்தவன். அவன்தான் அவளிடம் பேச வந்தான்.

"வலிக்குமோ தம்பி?"

"இல்லக்கா. வலை மாதிரி ஒரு தொப்பி. அதைப் போட்டுக்கிட்டு நீங்க பாட்டுக்கு சமைங்க, நடங்க, சாப்பிடுங்க."

"நான் நினைக்கிறதெல்லாம் உங்களுக்குத் தெரிய வருமோ?"

"ஒண்ணும் தெரியாது. ஞாபகம் வேற இடம், பழக்கம் வேற இடம். சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்ட நாள் மறந்துபோகும், கால் மறக்காது பாருங்க. அந்தக் கால் மறக்காம வச்சிருக்கே, அது மட்டும்தான் எங்களுக்கு."

"அப்ப ஞாபகம் வராது?"

"சத்தியமா வராதுக்கா."

அந்த ஒரு பதில் போதுமாயிருந்தது அவளுக்கு. தலையைக் குனிந்து கொடுத்தாள்.

டாக்டர் நல்ல நாள் பார்த்துத் தொடங்கினார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், இடைவிடாமல் பதிய வேண்டும். 'ஒரு மண்டலத்தில் புது உடம்பு' என்று விளம்பரப் பலகைகூட எழுதியாகிவிட்டது. முப்பத்தோராம் நாள் மத்தியானம் நிலையத்துக்குப் பின்னாலிருந்த டிரான்ஸ்பார்மர் வெடித்தது. சன்னல் கண்ணாடிகள் கொட்டின. ஜெரால்டு ஓடி வந்தபோது தவமலர் கிரைண்டருக்கும் சுவருக்கும் இடையில் ஒரு அரிசிப் பையை அணைத்துப் போட்டு அதன்மேல் குப்புறக் கிடந்தாள். வலது உள்ளங்கை பையின் ஒரு முனையை அழுத்திப் பொத்தியிருந்தது. கூப்பிட்டும் எழவில்லை; அவன் மெயின் சுவிட்சை அணைக்க ஓடினான். பத்து நிமிடம் கழித்துத் தானாக எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, குழம்பு அடிப்பிடிக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

"இந்த நாள வெட்டிரலாம் சார்," என்றான் ஜெரால்டு.

"வெட்டிட்டு? மறுபடி ஒண்ணுலேர்ந்தா? நடுவுல ஒரு நாள் விட்டா அது மண்டலமே இல்லய்யா. ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவான்."

"சார், அது சாமி கும்பிடறதுக்கு. இதுக்கு நாப்பத்தேழு நாள் போதும்."

"வெடிச் சத்தத்துல ஒரு பொம்பள பயந்துட்டா. அது பழக்கமா? பயம்."

"பயம்னா கருவி தள்ளிவிட்டுரும் சார். இது தள்ளல. எடுத்துக்கிச்சு."

"அப்ப அதுவும் அரைத் தட்டுக்கு எதுக்கோ தேவைப்படுது போல. விடு."

முதல் குழுவில் நாற்பத்தொரு பேர். தினம் மத்தியானம் ஒரு மணி நேரம் தொப்பி போட்டுப் படுத்து எழுந்தார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து அவர்கள் கைகள் பாதித் தட்டில் நின்றன. கால்கள் தாமாகப் படியிறங்கித் தெருவில் நடந்தன. எடை சொல்லிவைத்தாற்போல் இறங்கியது.

அவர்களில் உமையாள் என்றொருத்தி. முப்பத்து நான்கு வயது, நூற்று நான்கு கிலோவோடு வந்தவள். ஐந்து மாதத்தில் எண்பத்தொன்பது. யாருடைய பழக்கம் என்று நிலையத்தில் சொல்லக்கூடாது. அவள் எப்படியோ கண்டுபிடித்துக்கொண்டு ஒருநாள் சமையற்கட்டுக்கே வந்துவிட்டாள். இடுப்பில் இரண்டு வயது மகன் கவின்.

"பிரியாணிய பாதில புடுங்கி வைக்கிற ராட்சசி நீங்கதானா?"

தவமலருக்குச் சிரிப்பு வந்தது. "ராட்சசிதான். கோபமோ?"

"கோபமா? உங்க காலத் தொட்டுக் கும்பிடணும். ஆனா ஒண்ணுக்கா. மிச்சத்த ஏன் லெஃப்ட் சைடு தள்றோம்? நான் தள்றேன், இவன் அங்க உக்காந்து அதையும் சேர்த்து மொக்குறான். அடுத்து இவனுக்குத்தான் தொப்பி மாட்டணும்!"

தவமலர் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கனத்தான். கழுத்தில் பால் நாற்றம். திருப்பிக் கொடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, காலை பதினொரு மணிக்கு, நிலையத்துக் கூடத்தில் விழா. இளைத்தவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பட்டாசு கூடாது என்று தவமலர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டாள். தீபாவளி வாரத்தில் அவள் காதில் பஞ்சடைத்துக் கட்டிலுக்கடியில் படுக்கிறவள். டாக்டரும் சரி என்றார். ஆனால் கீழ்த்தளத்தில் அன்றைக்குத்தான் யாரோ ஒரு வீட்டுமனைக்காரர் புது அலுவலகம் திறந்தார். வாசலில் பத்தாயிரம் வாலாவைப் பாம்புபோல் வளைத்துப் போட்டுக் கொளுத்தினார்.

முதல் வெடியில் தவமலர் சமையற்கட்டில் விழுந்தாள். கூடத்தில் என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் பலர் வாயால் கேட்டாள்.

நாற்பத்தொரு பேரும் ஒரே மூச்சில் விழுந்தார்களாம். விழுமுன் கைக்கு எட்டிய பிள்ளையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். தன் பிள்ளை, அடுத்தவன் பிள்ளை என்று பார்க்கவில்லை. பிள்ளை கிடைக்காதவர்கள் கைப்பையை, நாற்காலி மெத்தையை இழுத்து அடியில் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளின் வாயைப் பொத்தி, மேலே படுத்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். பெரிய பெரிய உடம்புகள். முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிலர் கைதட்டியிருக்கிறார்கள். அடியிலிருந்து பிள்ளைகளின் கால்கள் உதைக்கத் தொடங்கியதும் கூடம் அலறியது.

முடியைப் பிடித்து இழுத்தார்கள். விலாவில் உதைத்தார்கள். ஒரு தகப்பன் தன் மாமியாரின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி ஒடித்து மகளை உருவினான். மேடையில் இருந்த குத்துவிளக்கைத் தூக்கி ஒருவன் அண்ணன் முதுகிலேயே அடித்தான்; விளக்கு வளைந்தது, அண்ணன் அசையவில்லை. உமையாளின் கணவன் இரும்பு நாற்காலியை மடக்கி அவள் தோளில், தலையில், தாடையில் அடித்தான். தாடை உடைந்து தொங்கிற்று. அவள் எழவில்லை. வாலா ஏழு நிமிடம் வெடித்தது.

சத்தம் ஓய்ந்து தவமலர் கூடத்துக்கு வந்தபோது எல்லோரும் எழுந்து சேலையையும் சட்டையையும் தட்டிவிட்டுக்கொண்டு, தங்களைச் சுற்றியிருந்த இரத்தத்தைப் புரியாமல் பார்த்தபடி நின்றார்கள். பிள்ளைகள் வீறிட்டார்கள். கவின் மட்டும் வீறிடவில்லை. உதடு நாவற்பழ நிறமாயிருந்தது. உமையாள் அவனைத் தூக்கி உலுக்கினாள், உடைந்த தாடையோடு ஏதோ சொன்னாள். அதற்குள் சனம் அவள்மேல் பாய்ந்தது. செருப்பு, நாற்காலிக் கால், கை. "புள்ளயக் கொன்ன மூதேவி!" தவமலர் நடுவே புகுந்தாள்; யாருடைய முழங்கையோ இடித்து உதடு கிழிந்து சுவரோரம் போய் விழுந்தாள். போலீஸ் வந்து உமையாளை அள்ளிக்கொண்டு போனபோது அவளுக்கு உயிர் இருந்ததே பெரிது.

மறுநாள் டாக்டர் செல்வநம்பி வாக்குமூலம் கொடுத்தார். நிலையம் கொடுத்தது சாப்பாட்டுப் பழக்கமும் நடைப் பழக்கமும் மட்டுமே. கூடத்தில் நடந்தது கூட்டத்தில் பரவிய பீதி. அந்தப் பெண்ணுக்குப் பேறுகாலத்துக்குப் பின் மனநலம் சரியில்லை, அதை எங்களிடம் மறைத்திருக்கிறாள் என்றார். உமையாள்மேல் கொலை வழக்குப் பதிவானது. மருத்துவமனைக் கட்டிலில் அவளை விலங்கிட்டு வைத்திருந்தார்கள். அவளுடைய கணவனே முதல் சாட்சி.

நான்காம் நாள் ஜெரால்டு முகாமுக்கு வந்தான். இடது கண் மூடி வீங்கியிருந்தது. வலது கையில் மாவுக்கட்டு.

"ஆர் தம்பி அடிச்சது?"

"சார் ஆளுங்க. தொப்பிப் பதிவு மொத்தத்தையும் அழிச்சிட்டாங்க. நான் ஒரு நகல் வச்சிருந்தேன். அதையும் வாங்கிட்டு விரல நசுக்கி விட்டாங்க." மூச்சு வாங்கினான். "அக்கா, அன்னிக்கு அரிசிப் பைமேல விழுந்தீங்களே. அதத்தான் நாப்பத்தோரு பேரும் செஞ்சாங்க. அது உங்க பழக்கம்னு நிரூபிக்க இப்ப எங்கிட்ட ஒண்ணுமில்ல. உங்க வாய் மட்டும்தான் இருக்கு. நீங்க சொல்லலன்னா அந்தப் பொண்ணு கொலைகாரி."

தவமலர் அவனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

கணவர் இராசநாயகம் தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். கடைசிச் சண்டையில் வலது காலை இழந்தவர், அதிர்ந்து பேசமாட்டார். அன்று குரல் உயர்ந்தது.

"இவள் ஒரு இடமும் வரமாட்டாள். நாங்கள் அகதியள் தம்பி. பொலிசு, கோடு, வழக்கு எண்டு போனால் எங்களைத் தூக்கி எங்க போடுவாங்கள் எண்டு தெரியாது. நீங்கள் போய்ட்டு வாங்கோ."

ஜெரால்டு போனபின் அவள் கேட்டாள். "அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தவள்?"

"நீ என்ன சொல்லப்போறாய் அங்க? பங்கர்க் குழிக்குள்ள படுத்தனான் எண்டோ? எல்லாரும்தான் படுத்தம். போகாத மலர். கிளறாத."

அவர் கும்பிடாத குறையாகக் கேட்டார். அவளுக்கு அவர்மேல் இரக்கமாயிருந்தது. சாளினி செல்லடியில், குண்டு விழுந்த அதிர்ச்சியில் மூச்சு நின்று போனாள் என்று அன்றைக்கு அவள்தான் அவரிடம் சொன்னாள். அவர் ஓம் என்று தலையசைத்தார். பிறகு இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட ஏன், எப்படி என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவள் தாங்கியிருக்கமாட்டாள். அந்த மனிதர் காலைக் கொடுத்து, பிள்ளையைக் கொடுத்து, மிச்சமாய் வைத்திருக்கும் ஒரே நம்பிக்கை தன் பெண்சாதியைப் பற்றியது. நாளைக்கு அதையும் பிடுங்கப்போகிறாள். இரண்டு பக்கமும் எடை போட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் இவர். மறுபக்கம் விலங்கோடு, வாயைத் திறக்க முடியாமல் கிடக்கும் அந்தப் பெண்.

காலையில் அவள் புறப்பட்டபோது அவர் ஒன்றும் சொல்லாமல் பொய்க்காலை மாட்டிக்கொண்டு கூட வந்தார்.

காவல் ஆய்வாளர் மெகருன்னிசா ஐம்பதை நெருங்கியவர். தவமலரை உட்காரச் சொல்லி, வாசலில் காத்திருந்த ஜெரால்டையும் இராசநாயகத்தையும் பக்கத்து நாற்காலிகளில் இருத்தினார்.

"இவங்க எல்லாம் இருக்கலாமாம்மா? இல்ல தனியா சொல்றீங்களா?"

"இருக்கட்டும். அவருக்கும் தெரியத்தான் வேணும்."

சொல்லத் தொடங்கினாள். குரல் ஆடவில்லை. எங்கோ வேறொருத்திக்கு நடந்ததைச் சொல்வதுபோல் வந்தது.

"பங்கருக்குள்ள பதினொரு பேர். மூண்டு பேர் இருக்கக் கிண்டின கிடங்கு. நாங்கள் ஆளுக்கு மேல ஆளாக் கிடந்தம். பிள்ளை எனக்குக் கீழ. அவளுக்கு இருமல். செல்லடி நிண்டிட்டுது, மேல ஆமிக்காரர் நடக்கிற சத்தம். முதல் நாள் பக்கத்துப் பங்கருக்குள்ள ஒரு குழந்தை அழுதது. அவங்கள் குண்டை உருட்டி விட்டவங்கள். கை வேற கால் வேறயா நாங்கள்தான் பொறுக்கி மண்ணுக்குள்ள தாட்டனாங்கள். அதனால இவள் இருமத் தொடங்கினவுடன நான் வாயைப் பொத்தினன். இந்தக் கையால." வலது கையை மேசைமேல் வைத்தாள். "எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. கால் சத்தம் போன பிறகு கையை எடுத்தன். பிள்ளை இல்லை. பிறகும் செல் விழுந்தது. அதில இவரின்ர கால் போச்சு. செல் அதிர்ச்சியில பிள்ளை போச்சு எண்டு எல்லாருக்கும் சொன்னன். இவருக்கும் அதைத்தான் சொன்னன். அது பொய். நான்தான் என்ர பிள்ளையைக் கொன்றனான். அந்தப் பிள்ளை உமையாள் செய்யேல்லை, மேடம். என்ர கைதான் அங்கயும் போய்ச் செய்தது."

அவள் கணவரின் பக்கம் திரும்பத் துணியவில்லை. தட்டச்சு செய்துகொண்டிருந்த ஏட்டம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மெகருன்னிசா மேசைமேல் இருந்த கோப்பைத் திறந்தார். "அம்மா, ஒண்ணு சொல்றேன். கவின் வாயப் பொத்தினதால சாகல. பிரேதப் பரிசோதனையில தெளிவா இருக்கு. நெஞ்சு நசுங்கியிருக்கு. பாரம்."

"பாரமோ?"

"உங்க உடம்புல இருந்தப்ப அந்தப் பழக்கத்துக்கு நாப்பத்திரண்டு கிலோதான் கனம்," என்றான் ஜெரால்டு மெல்ல. "அவங்க எம்பத்தொம்பது. எடை குறைக்கணும்னு வந்தவங்க உடம்புக்குள்ள... நாங்க அத யோசிக்கவே இல்லக்கா."

"இது உங்க பழக்கம்தான்னு நீங்க பாத்துச் சொல்லணும்," என்று ஆய்வாளர் கணினித் திரையைத் திருப்பினார். "கூடத்துக் கேமராவுல இருந்து அன்னிக்கே எடுத்தோம், ஜெரால்டு பாத்துட்டாரு. சத்தம் இல்ல, பயப்படாதீங்க. பாக்க முடியுமா?"

தவமலர் தலையசைத்தாள்.

திரையில் கூடம். உடம்புகள் ஒன்றாகச் சரிந்தன. முதுகு வளைவதும் முழங்கால் மடங்குவதும் முகம் புதைவதும் எல்லாம் அவள். நாற்பத்தொரு தவமலர்கள். வலது உள்ளங்கைகள் பிள்ளைகளின் வாயில் அழுந்தின.

"என்ர கைதான்," என்றாள். "போதும்."

"இன்னும் கொஞ்சம் பாருங்கக்கா," என்றான் ஜெரால்டு. "இங்கதான் எனக்கும் ஒண்ணு புரியல."

மூச்சு பத்துப் பன்னிரண்டு எண்ணும் நேரம்தான். பிறகு நாற்பத்தொரு வலக்கைகளும் பொத்தியிருந்த இடத்தை விட்டு எழுந்தன. சட்டென்று எடுத்த கைகள் அல்ல. முழங்கை நடுங்க, மணிக்கட்டு புடைக்க, விரல்கள் விரிந்து, ஒரு சாண் உயரம் எழுவதற்குள் திணறி, மேலே எதையோ முட்டித் தள்ளின. தள்ள மேலே ஒன்றுமில்லை. வெறுங்காற்று. உமையாளின் தோளில் நாற்காலி விழுந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தடுக்கவில்லை, அவள் கை பிள்ளையின் முகத்துக்கு மேலே காற்றோடு போராடிக்கொண்டிருந்தது. கூடம் முழுக்க அதே போராட்டம். ஒரு கிழவரின் கை ஒரு குழந்தையின் மூக்குக்கு மேல் நின்று வெடவெடத்தது.

"கை வாய விடுது," என்றான் ஜெரால்டு. "விட்டுட்டு, மேலேர்ந்து யாரோ அமுக்குற மாதிரி, அத எதுத்துத் தள்ளுது. எல்லாருக்கும் அப்படியே. அரிசிப் பைமேல நீங்க கெடந்தப்ப நான் பாத்தது முதல் பாதி மட்டும்தான் போல. இது எதுக்குக்கா?"

கையைத் தூக்கியதாகத் தவமலருக்கு ஞாபகமே இல்லை. பொத்தியது மட்டுமே ஞாபகம். இருபத்தேழு வருடம் அதை மட்டுமே ஞாபகம் வைத்திருந்தாள். பங்கருக்குள் கும்மிருட்டு. கீழே பிள்ளை. மேலே, தன்னைக் காப்பாற்றுவதற்காகத் தன்மேல் கவிழ்ந்து கிடந்த ஒரே ஒரு ஆள்.

திரும்பினாள். இராசநாயகம் திரையைப் பார்க்கவில்லை. தன் வலது கையை இடது கையால் மூடித் தொடையிடுக்கில் வைத்திருந்தார்.

"எனக்கு மேல நீங்கள்தானே கிடந்தனீங்கள்?"

அவர் வாய் அசைந்தது.

"பதினொரு பேர், மலர். நீ கையை எடுக்கப் பார்த்தாய். பதினொரு பேர் இருந்தம்."

ஏட்டம்மா தட்டச்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மெகருன்னிசா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கியதா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

"வாக்குமூலத்துல என்னன்னு எழுதட்டும்மா?" என்று கேட்டார்.

தவமலர் மேசைமேல் இருந்த தன் கையைப் பார்த்தாள். அதை இடது கையால் ஒருமுறை தடவினாள், அடிபட்டு வந்த பிள்ளையைத் தடவுவதுபோல்.

"என்ர கை எழும்பினது எண்டு எழுதுங்கோ. உமையாளின்ர கையும் எழும்பினது. அதை முதல் எழுதுங்கோ."